சேர்மனின் பின்னங்கால்

பூனைக்கு ஒப்பரேசனா என்று சிரித்துச் சிரித்துக் கேட்டவர்களை எனக்கு ஞாபகம் இருக்கிறது. யார், எந்த மதிலில் சாய்ந்துகொண்டு கேட்டார் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. இதை அவர்கள் முதலில் வாசிக்கட்டும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் ஆறுதலாக வாசிக்கலாம். பூனை சாகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆட்களைச் சும்மா பயத்தில் வைத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. காலுக்கு என்ன நடந்தது என்பதுதான் விசயம்.

நான் சாய்ந்தமருதில் வீட்டிலிருந்து அபாயா தைத்துக் கொடுப்பவள். என் மனுசன் மீன் வியாபாரி. விடிய முன் சுபஹு தொழுதுவிட்டுக் கரையில் மீன் எடுப்பார், எங்கள் வளவுக்குள் வைத்து ஐஸ் போட்டுக் கூலர் லொறியில் ஏற்றுவார், மஹியங்கனை மலை வளைவுகளில் ஏறிக் கண்டிச் சந்தைக்குப் போவார். சேர்மன் எங்கள் கடுவன் பூனை. பெயர் வைத்தது நான். விடிந்தால் ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பார்ப்பான், எல்லா வீட்டிலும் தின்பான், ஒரு எலியும் பிடிக்கமாட்டான், கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நடந்து போவான். வேறு என்ன பெயர் வைப்பது?

லொறியில் ஐஸ் ஏற்றும் நேரம் சேர்மன் பின்கதவுக்குக் கீழே வந்து குந்துவான். பெட்டியிலிருந்து ஏதாவது விழும் என்ற நம்பிக்கை. அன்றைக்கு விழுந்தது ஐஸ் கட்டி. மனுசனின் கையிலிருந்த கொக்கியிலிருந்து வழுக்கி, லொறியின் விளிம்பில் பட்டு, கீழே வந்தது. சேர்மன் பாய்ந்துவிட்டான், ஆனால் ஒரு பின்னங்கால் பாயவில்லை. பூனை ஒரு சத்தமும் போடவில்லை. மனுசன்தான் கத்தினார். நான் தையல் மெசினை விட்டுவிட்டு ஓடினேன். முழங்காலுக்குக் கீழே கால் துணி மாதிரித் தொங்கியது.

எங்கள் பக்கத்து மிருக வைத்தியர் வலிக்கு ஊசி போட்டு, மட்டை வைத்துக் கட்டி, கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார். எலும்பை ஒட்டவைக்கும் ஒப்பரேசனுக்குத் தன்னிடம் வசதி இல்லை என்றார். நான் அவரோடு சண்டை பிடித்தேன். மனிதருக்கும் கண்டிக்கு ஓடு, பூனைக்கும் கண்டிக்கு ஓடு என்றால் நாங்கள் எதற்கு இங்கே ஒரு ஊர் வைத்திருக்கிறோம் என்று கேட்டேன். அவர் பாவம், தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

பக்கத்து வீடு என் மதினியின் வீடு, மனுசனின் மூத்த சகோதரி. மதிலுக்கு மேலே தலை வந்தது.

"தம்பி, பூனையக் கண்டிக்கா கொண்டு போற? முழங்கால் நோவெண்டு நான் எத்தின நாளாக் கத்துறன். என்னைக் கல்முனை தாண்டிக் கூட்டிப் போனியா?"

"நீ லொறிக்குக் கீழ வந்து குந்தல்லயே ராத்தா" என்றார் மனுசன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மீன் பெட்டி இரண்டை வாய்க்கு வாய் வைத்துக் கயிற்றால் கட்டி, உள்ளே என் பழைய சோல் ஒன்றை விரித்து, சேர்மனை அதில் வைத்து லொறியின் முன் இருக்கையில் என் மடியில் தூக்கிக்கொண்டு போனேன். பின்னால் லொறி நிறையப் பாரை, சூரை, கணவாய். காலுடைந்த பூனை வலியை மறந்து வழி நெடுக மீனுக்குக் கத்தியது. வளைவுகளில் லொறி திரும்பும்போதெல்லாம் மனுசன், "கொஞ்சம் பொறுடா மனே, கொஞ்சம் பொறுடா" என்று அதனோடு கதைத்துக்கொண்டே ஓட்டினார். கல்யாணம் முடித்து இத்தனை வருசத்தில் என்னோடு அந்த மாதிரிக் கதைத்ததில்லை.

சந்தையில் மீனை இறக்கிவிட்டு, அதே உடுப்போடு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருக்கும் மண்டபத்தில் நல்ல நல்ல ஆட்கள், நல்ல நல்ல கூடைகளில் பூனைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உள்ளே காலை வைத்தோம். எல்லாக் கூடைகளுக்குள்ளும் எல்லாப் பூனைகளும் எழும்பி நின்றன. மூக்கை வெளியே நீட்டிக் கத்தத் தொடங்கின. மயக்க ஊசி போட்டுக் கிடந்த ஒரு வெள்ளைப் பூனைகூடத் தலையைத் தூக்கியது. மீன் வாடை. ஒரு அம்மா தன் பூனைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து டொக்டரைக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றதும் எல்லாரும் அழுத கதைதான் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பூனைகள்.

வாசல் மேசையில் துண்டு எழுதுபவர் பூனையின் பெயர் கேட்டார், மனுசன் சொன்னார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "சேர்மன்" என்று சத்தமாகக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மரியாதையாக எழும்பி இடம் விட்டார். பிறகு மீன் பெட்டியைப் பார்த்தார்.

டொக்டர் ஒரு சிங்கள அம்மா. ஆரம்பத்தில் அம்பாறைப் பக்கம் வேலை செய்தவராம், தமிழ் கதைப்பார். வெட்டு வெட்டென்று கதைப்பார். எனக்குப் பிடித்துக்கொண்டது.

எக்ஸ்ரேயில் கீழ்க்கால் எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. எலும்பின் நடுவே ஒரு குழாய் மாதிரி இடம் இருக்கிறது, அதற்குள்ளே மச்சை இருக்கும். அந்தக் குழாய்க்குள் ஒரு உலோகக் கம்பியைச் செலுத்தி இரண்டு துண்டையும் நேராக நிறுத்துவது முதல் ஒப்பரேசன். செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் விரலை நீட்டிச் சொன்னார்: "அம்மா, கூடு. கூட்டுக்குள்ள வைக்கணும். பாயக் கூடாது. ஓடக் கூடாது. எலும்பு ஒட்டுறது நான் இல்ல, கூடு."

வளவில் கிடந்த கோழிக்கூட்டைக் கழுவி, தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன். சேர்மனை உள்ளே விட்டேன். அன்று தொடங்கியது கரைச்சல்.

எங்கள் ஊரில் பூனையை யாரும் அடிக்கமாட்டார்கள், அடைக்கவும் மாட்டார்கள். பூனையை அடைத்து வைத்த பொம்பிளை ஒருத்தி அந்தப் பாவத்துக்கு நரகம் போனதாக நபி சொன்ன ஹதீஸ் பள்ளிக்கூடம் போகாத ஆட்களுக்கும் தெரியும். மதினிக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் வந்து கூட்டுக்கு முன்னால் நிற்பார்.

"என்னகா நீ, அல்லாட படைப்பக் கோழிக்கூட்டுல போட்டு வச்சிரிக்காய். கேள்வி கணக்கு இல்லையா ஒனக்கு?"

"டொக்டர் சொன்ன மதினி."

"டொக்டரா மறுமையில வந்து பதில் சொல்லப் போறா?"

நான் மெசினை வேகமாக மிதிப்பேன். அதுதான் என் பதில். மனுசன் அந்த நேரத்தில் கூட்டையும் பார்க்கமாட்டார், மதினியையும் பார்க்கமாட்டார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போவார். சேர்மன் கம்பிக்குள்ளால் கையை நீட்டி அவருடைய சாரத்தைப் பிடிப்பான்.

கூட்டுக்குள் விரித்த துணியில் இடைக்கிடை மணல் கிடந்தது. கடற்கரை ஊரில் மணல் எங்கேதான் இல்லை. உதறிப்போட்டுவிட்டுத் தைக்கப் போனேன்.

சொன்ன காலம் முடிந்தது. இன்னும் கொஞ்சக் காலமும் போனது. சேர்மன் அந்தக் காலை நிலத்தில் ஊன்றவில்லை. தொடை சூம்பத் தொடங்கியது. திரும்பவும் மீன் பெட்டி, திரும்பவும் வளைவுகள், திரும்பவும் அந்த மண்டபத்தில் பூனைகள் எல்லாம் எழும்பி நின்றன. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டொக்டர் புது எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். டொக்டர்மார் பேசாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதற்கும் சேர்த்துத்தான் அவர்கள் பில் போட வேண்டும்.

உடைந்த இடம் அப்படியே இருந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. துண்டுகளின் நுனிகள் கூராக இல்லாமல் வழுவழுவென்று உருண்டிருந்தன. டொக்டர் விளங்கப்படுத்தினார். உடைந்த எலும்பு ஒட்ட வேண்டுமென்றால் இரண்டு நுனியும் அசையாமல் இருக்க வேண்டும், இரத்தம் வந்து சேர வேண்டும். அசைந்துகொண்டே இருந்தால் நடுவில் எலும்புக்குப் பதிலாக ஜவ்வு வளரும். கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு எலும்பு தன் நுனியை மூடிக்கொள்ளும். மூடினால் அதோடு சரி. எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் தானாக ஒட்டாது. பூனைக்கு இந்தக் கீழ்க்கால் எலும்பில் இது வரக்கூடியதுதான், அந்த இடத்தில் சதை குறைவு, சதை குறைந்தால் இரத்தமும் குறைவு.

பிறகு கேட்டார்: "அம்மா, பூனை பாய்ந்ததா?"

"இல்ல."

"ஓடினதா?"

"கூட்டுக்குள்ள எங்க ஓடுற? நான் பக்கத்துல இருந்து தைக்கிறன். வல்லாஹி, இந்தப் பூன ஒரு அடி வெளிய வைக்கல்ல."

டொக்டர் பேனையால் திரையைத் தொட்டார். "கம்பி இளகி மேல வந்திருக்கு. சும்மா படுத்திருந்த பூனைக்கு இப்படி வராது."

"அப்ப ஒங்கட கம்பிதான் சரியில்ல" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் ஆள் பார்க்கமாட்டேன்.

சுவரில் நாய்களின் வயிற்றுப் புழுக்களைப் பற்றிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. என் மனுசன் அதைப் பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்குத் துணியில் கிடந்த மணல் ஞாபகம் வந்தது.

"இஞ்சேருங்க" என்றேன். "கூட்டுக்குள்ள மணல் எப்பிடி வந்த?"

அவர் படத்தை விட்டுத் திரும்பவில்லை. "சுபஹு தொழுதுட்டு வரக்குள்ள என்னப் பாத்துக் கத்தும். நீ குசினிக்குள்ள இரிப்பாய்."

"எங்க கொண்டு போனீங்க?"

"கரைக்கு. காலாறட்டும் எண்டு."

"தூக்கிட்டா?"

"தூக்கிட்டுத்தான் போன. அங்க போனா இறங்கிரும்."

"இறங்கி?"

"தோணியில பாயும்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "தோணி என்றால் போட்தானே?"

"ஓம் டொக்டர்."

"உயரமா?"

மனுசன் கையைத் தன் நெஞ்சு வரைக்கும் தூக்கிக் காட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனுசன், இவ்வளவு காலம் எப்படி மறைத்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"நான்தான் கால உடச்ச" என்றார். "நானே கூட்டுலயும் போட்டு வைக்கிறதா? அதுட முகத்தப் பாக்க ஏலாமப் போச்சி."

நான் வாயைத் திறந்தேன். டொக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். என்னை அப்படி நிறுத்தியவர்கள் குறைவு.

"முழுப் பிழை மாத்தயாட இல்ல" என்றார், என் மனுசனைக் காட்டி. "என் கணக்கும் பிழை. ஒரு கம்பி எலும்பு வளையாமப் பிடிக்கும். சுத்துறதைப் பிடிக்காது. நான் முதல்லயே தகடு போட்டிருக்கலாம்." தன் பிழையைத் தானே சொல்லும் டொக்டரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, ஆகவே அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, காலை எடுத்துவிடுவது. மூன்று காலில் பூனை நன்றாக வாழும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றது, திரும்ப ஒப்பரேசன், பெரிய ஒப்பரேசன். "ஆனா திரும்பவும் கூடு. கூடு இல்லாட்டி நான் செய்யமாட்டேன். சும்மா பூனைக்கு இன்னொரு தரம் வலி. போய்ச் சோறு சாப்பிட்டுக் கதைச்சு வாங்க."

வெளியே ஒரு மரத்துக்குக் கீழே சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். நான் என்னென்ன சொன்னேன் என்பதை எழுதமாட்டேன். பக்கத்தில் நாயோடு இருந்த ஒரு குடும்பம் எழும்பி வேறு மரத்துக்குப் போனது. மனுசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்:

"கால எடுக்கச் சொல்லு புள்ள."

"என்ன?"

"என்னால ஏலா. அது கத்தினா நான் திரும்பத் திறந்திருவன். என்னை எனக்குத் தெரியும். எடுத்தா ஒரே வலியோட முடிஞ்சிரும்."

அவர் பிடிவாதத்தில் சொல்லவில்லை, தன்னைப் பயந்து சொன்னார். எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. இவரோடு என் வாய் செல்லாது, டொக்டரின் வாயும் செல்லாது. செல்லக்கூடிய வாய் ஒன்றுதான் இருந்தது. எங்கள் பள்ளிவாசல் மௌலவி இவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். போனைப் போட்டு, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்து, விசயம் முழுவதையும் நானே சொன்னேன்.

மௌலவி முதலில் இருமினார். சிரிக்கிறார் என்று நினைக்கிறேன்.

"மச்சான், அந்தப் பொம்புள அடச்சதோட நிக்கல்ல. தின்னக் குடுக்கவும் இல்ல, தேடித் தின்ன விடவும் இல்ல. அது சாகுற வரைக்கும் வச்சிருந்த. அதுக்குத்தான் தண்டன. ஒன்ட வாப்பாவ வார்ட்டுல படுக்க வச்சமே, அவரச் சிறையிலயா போட்ட?"

"இல்ல."

"அதே மாதிரித்தான். இது வார்ட். நீ இரக்கத்துல திறந்து விட்டு, அந்தக் கால் போனா, அதுக்கும் கேள்வி இரிக்கி. சரி, கூட்டுக்குள்ள என்ன தின்னக் குடுக்கிறாய்?"

"பாரை. முள்ளெடுத்து."

பாரையா என்று திரும்பக் கேட்டார். பிறகு மௌலவி சொன்னார்: "எனக்கு நீ இண்டைக்கு வரைக்கும் சின்னச் சாளைதான் தந்திரிக்காய்."

மனுசன் சிரித்தார். ஐஸ் கட்டி விழுந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன். சோற்றையும் தின்றார்.

உள்ளே போனதும் டொக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். ஒப்பரேசனைச் சொல்லித் தந்தார். உடைந்த இடத்தைத் திறப்பது. நடுவில் வளர்ந்த ஜவ்வைச் சுரண்டி எடுப்பது. மூடிக்கொண்ட நுனிகளை வெட்டி, இரத்தம் கசியும் வரைக்கும் துளைப்பது, மச்சைக் குழாய் திறபட வேண்டும். பிறகு எலும்புக்கு வெளியே ஒரு உலோகத் தகட்டை வைத்து, மேலேயும் கீழேயும் ஸ்குரூ ஆணிகளால் இறுக்குவது. கடைசியாக, சேர்மனின் முன்னங்கால் தோள் எலும்புக்குள் இருக்கும் பஞ்சு மாதிரியான எலும்பைக் கொஞ்சம் தோண்டி எடுத்து, உடைந்த இடத்தைச் சுற்றி அடைப்பது. அந்தப் பஞ்செலும்பில் உயிர் இருக்கிறதாம், அது போய்ப் புது எலும்பை முளைக்கவைக்குமாம்.

"புடுங்கி நடுற மாதிரி" என்றார் மனுசன்.

விதைத்த வயலில் சில இடம் அடர்த்தியாக முளைக்கும், சில இடம் மொட்டையாகக் கிடக்கும். அடர்ந்த இடத்தில் பிடுங்கி மொட்டையில் நடுவோம். எங்கள் பக்கத்தில் வேலை செய்த டொக்டர், அவருக்குத் தெரியும்.

"ஓம், அதேதான்" என்றார். "நட்ட பிறகு மாடு விடக் கூடாது."

செலவைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். சொல்லமாட்டேன். அந்தப் பெருநாளைக்கு எங்கள் வீட்டில் யாரும் புது உடுப்பு எடுக்கவில்லை. அபாயா தைப்பவள் பழைய அபாயாவோடு பெருநாள் கொண்டாடினாள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஒப்பரேசன் நடந்த நேரம் முழுக்க மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். மனுசன் வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தார். எனக்குப் பயத்தில் கோபம்தான் வரும். மின்விசிறி ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று துண்டு எழுதுபவரோடு ஒரு பாட்டம் சண்டை பிடித்தேன். அவர் எழும்பிப் போய் எனக்கு ஒரு பிளேன் டீ வாங்கி வந்து தந்தார். அந்த மனிதருக்கு அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்.

சேர்மனை வெளியே கொண்டுவந்தார்கள். பின்னங்கால் முழுக்க மயிர் மழித்து, தோளில் ஒரு சதுரம் மழித்து, கழுத்தில் காயத்தை நக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று மாட்டி, பள்ளி மினாராவில் கட்டிய ஸ்பீக்கர் மாதிரி முகம். கண் இரண்டும் இரண்டு பக்கம் பார்த்தன. மனுசன் குனிந்து, "வலிக்கிதாடா?" என்று கேட்டார். சேர்மன் அவர் கையை மோந்துவிட்டு, மீன் இல்லை என்று தெரிந்ததும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வெட்டி எடுத்த துண்டைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். கிருமி இல்லை என்று பிறகு செய்தி வந்தது.

திரும்பும் வழியில் மனுசன் கண்டியில் ஒரு கடையில் லொறியை நிறுத்தி, பூட்டு ஒன்று வாங்கினார். இரண்டு திறப்பையும் என் கையில் தந்தார்.

"ரெண்டும் ஒன்ட கிட்ட இரிக்கட்டும். நான் கேட்டாலும் தராத."

ஒன்றை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டேன். மற்றதைத் தையல் மெசின் லாச்சியில், ஊசிகளுக்கு நடுவில் வைத்தேன். அங்கே கை விட என்னைத் தவிர யாருக்கும் தைரியம் வராது.

கூட்டின் கூரையை மனுசன் பலகை அடித்துத் தாழ்த்தினார், உள்ளே பாய இடம் இல்லாமல். சுபஹு தொழுதுவிட்டு வந்து, கூட்டுக்கு முன்னால் சம்மணம் கொட்டி உட்காருவார். கையைக் கம்பிக்குள்ளால் விட்டுச் சேர்மனின் தலையைத் தடவிக்கொண்டு, நேற்றுக் கண்டியில் பாரை என்ன விலை போனது, யார் ஏமாற்றினான் எல்லாம் சொல்வார். சேர்மன் கத்துவான். மனுசன் என் கழுத்தைப் பார்ப்பார். நான் முறைப்பேன். எழும்பிக் கரைக்குப் போவார்.

மதினி வந்தார், வழமை மாதிரி. "இன்னும் சிறையிலயா இது?"

"சிறையில்ல ராத்தா. வார்ட். மௌலவிட்ட கேட்டாச்சி" என்றார் மனுசன்.

மதினி வீட்டுக்குப் போனார். பின்னேரம் திரும்பி வந்தார், கையில் ஒரு பைக்கற் பிஸ்கட்டும் இரண்டு தோடம்பழமும்.

"இது என்ன மதினி?"

"வார்ட்டெண்டு சொன்னீங்களே. நோயாளி பாக்க வெறுங்கையோடயா வாற?"

கிண்டலுக்குத்தான் கொண்டுவந்தார். ஆனால் விசயம் ஒழுங்கைக்குள் பரவிவிட்டது. அடுத்த நாள் எதிர்வீட்டுக்காரி அப்பிளோடு வந்தாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, பின்னேரமானால் ஆட்கள். கூட்டுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து, "இப்ப எப்பிடி இரிக்கி, நடக்கிறாரா, தின்னுறாரா" என்று விசாரிப்பார்கள். சேர்மன் கூம்புக்குள்ளிருந்து எல்லாரையும் பார்ப்பான். அவன் வாசல் வாசலாய்ப் போன காலம் போய், ஊர் அவன் வாசலுக்கு வந்தது. எனக்குப் பின்னேரத் தையல் எல்லாம் நின்றுபோனது. ஆனால் அந்த வருசம் நான் தின்ற அளவு தோடம்பழம் ஆயுளில் தின்றதில்லை. மதினிதான் கடைசி வரைக்கும் ஒரு நாளும் தவறவில்லை. தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "நமக்குத்தான் நோவு தெரியும், என்னடா?" என்று அதனோடு தனியாகக் கதைப்பார். அவரையும் மனுசன் ஒரு தரம் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டினார். மனித டொக்டரிடம்.

கடைசி எக்ஸ்ரேக்குப் போன அன்று மனுசன் அறைக்குள் வரவில்லை. "நீ பாத்துட்டு வா" என்று மண்டபத்தில், மீன் வாடைக்குக் கத்தும் பூனைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

டொக்டர் திரையைப் பார்த்தார். இந்த முறை பேசாமல் இருக்கவில்லை. "வாங்க அம்மா, கிட்ட வாங்க" என்றார். தகடு பளிச்சென்று வெள்ளையாக, ஆணிகள் வரிசையாக. பழைய கறுப்புக் கோட்டைத் தேடினேன். கோடு இல்லை. அந்த இடத்தில் பால் கலங்கிய மாதிரி ஒரு வெள்ளை, மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்புக்கு ஒரே தொடராக இறங்கியிருந்தது.

"ஒட்டிட்டா?"

"ஒட்டிட்டு. தகடு உள்ளேயே இருக்கட்டும், தொல்லை இல்ல. இனிக் கூடு வேணாம். நடக்கலாம், ஓடலாம்."

"தோணியில பாயலாமா?"

டொக்டர் சிரித்தார். "சின்னத் தோணியில தொடங்கச் சொல்லுங்க."

நான் கதவைத் திறந்து மண்டபத்தைப் பார்த்து, "ஒட்டிட்டு" என்றேன். என் சத்தம் பெரிது. நாய்கள் குரைத்தன. மனுசன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். துண்டு எழுதுபவர் எழும்பி வந்து அவருக்குக் கை கொடுத்தார். நாங்கள் இனிப்புக்கென்று கொண்டுபோன தொதலை அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தோம், எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்களுக்கும்.

வீட்டுக்கு வந்தோம். திறப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன். மனுசன் கூட்டுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இன்னொரு கிழம இரிக்கட்டும் புள்ள."

"டொக்டர் சொல்லிட்டா."

"டொக்டர் கண்டியில இரிக்கா. இஞ்ச ஐஸ் இறக்குற வளவு. வேணாம். இரிக்கட்டும்."

ஒரு கிழமை போனது. இன்னொரு கிழமை என்றார். முன்பு களவாகத் திறந்த மனுசன் இப்போது திறக்கவிடாமல் காவல் நின்றார். மதினிகூடக் கேட்டார், "டேய், வார்ட்டுல துண்டு வெட்டி ஊட்ட போகச் சொல்லியாச்சே, இன்னும் ஏன்டா படுக்க வச்சிரிக்காய்?" மனுசன் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவர் சுபஹுக்குப் பள்ளிக்குப் போனதும் நான் தொழுதேன். இடியப்ப மாவை அப்படியே வைத்துவிட்டு, பூட்டைத் திறந்து, சேர்மனைத் தூக்கிச் சோலுக்குள் சுற்றிக்கொண்டு கரைக்கு நடந்தேன். பொம்பிளை ஒருத்தி இந்த நேரத்தில் கரைக்கு வருவதா என்று பார்த்தவர்களையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தோணிகள் கரை தட்டியிருந்தன. சேர்மனை மணலில் இறக்கினேன். அவன் நின்றான். மழித்த காலில் மயிர் இன்னும் சரியாக முளைக்கவில்லை. மூக்கைத் தூக்கினான். நாலு காலையும் ஊன்றி, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து, பிறகு சாயாமல் நடந்தான்.

தொழுகை முடிந்து மீன் எடுக்க வந்த மனுசன் எங்களைத் தூரத்திலேயே கண்டுவிட்டார்.

"புள்ள, பிடி. பிடி அத. தோணிக்கிட்டப் போறான்."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மனுசன் மணலில் ஓடி வந்தார். அவர் வந்து சேர முன் சேர்மன் பின்னங்கால் இரண்டையும் மடக்கிக் குந்தினான். பாய்ந்தான். சின்னத் தோணி இல்லை, பெரிய தோணிதான். விளிம்பில் நாலு காலும் பட்டன, வழுக்கவில்லை. அங்கே நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, காது கேட்காத மாதிரி உள்ளே இறங்கினான்.

மனுசன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், திரும்பத் திரும்ப. தோணிக்காரர் கையில் வலையோடு, "ஹாஜியார், மீன் எடுக்கல்லயா? நல்ல பாரை கிடக்கு, மத்தாக்கள் பாத்துட்டு நிக்கிறாங்க" என்றார்.

"எடுக்கட்டும்" என்றார் மனுசன். "எனக்கு ரெண்டு பாரை மட்டும் எடுத்து வை. ஒண்டு மௌலவிக்கு."

சேர்மன் எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கூடு திறந்தே கிடந்தது. தானாக உள்ளே போய், துணியில் சுருண்டு, காலை நக்கத் தொடங்கினான். துணி முழுக்க மணல். மனுசன் உதறக் குனிந்தார்.

"கிடக்கட்டும்" என்றேன்.